முதல் ஏஏ கூட்டத்துக்குப் போவது எப்படி: தேடுவதிலிருந்து உள்ளே போய் உட்காரும் வரை

குடியை விட்டுவிட வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் விடிகிற நேரத்தில் வரும், பொழுது சாய்வதற்குள் அடங்கிவிடும். அந்த இடைவெளியில் ஒரு முகவரியும் நேரமும் கையில் இருந்தால் கால் நகரும். இல்லாவிட்டால் ‘அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஆகிவிடும். ஆகவே ஏஏ, அதாவது குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவின் கூட்டத்தைத் தேடுகிற வேலையைத் தெளிவாக இருக்கும் காலைப் பொழுதிலேயே முடித்துவிடுங்கள். முழுசாக உட்கார்ந்தால் அரை மணி நேரத்து வேலைதான்.

முதலில் உடம்பு

தினமும் குடிப்பவர், அதுவும் காலையிலேயே ஒரு வாய் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் ஏறும். இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் இந்த முறையும் வர வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. கூட்டத்தில் இருப்பவர்கள் மருத்துவர்கள் அல்ல. நடுங்கும் உடம்புக்கு அவர்களிடம் மருந்து கிடையாது.

‘இன்னும் குடிக்கிறேனே, போகலாமா’ என்று தயங்க வேண்டாம். தாராளமாகப் போகலாம். குடிப்பதை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே ஏஏவில் சேரத் தகுதி. நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. போதையில் வந்தால் பேசாமல் உட்கார்ந்து கேட்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். வண்டியை மட்டும் நீங்கள் ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

எந்தக் குழு?

உலகத்தில் அதிக இடங்களில் கிடைப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. 1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் தொடங்கியது. இருவருமே குடிநோயாளிகள். 12 படிகள் என்கிற, ஆன்மிகம் கலந்த வழிமுறையில் நடக்கிறது. கட்டணம் இல்லை, பெயர்ப் பதிவேடு இல்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதும் இல்லை.

படிகளும் ஆன்மிகமும் ஒத்துவராது என்று நினைப்பவர்களுக்கு வேறு குழுக்கள் உண்டு. ஸ்மார்ட் ரிகவரி 1994இலிருந்து இந்தப் பெயரில் இயங்குகிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் பயிற்சிகள்தான் அதன் அடிப்படை. பயிற்சி பெற்ற ஒருவர் கூட்டத்தை நடத்துவார், ஒருவர் பேசுவதற்கு இன்னொருவர் பதில் சொல்லலாம். லைஃப்ரிங் மதச்சார்பற்ற குழு. ‘விமன் ஃபார் சோப்ரைட்டி’ பெண்களுக்கு மட்டும். ரிகவரி தர்மா பௌத்தத் தியான முறையை ஒட்டியது. ஏஏவுக்குள்ளேயே பிரார்த்தனை இல்லாமல் நடக்கிற மதச்சார்பற்ற கூட்டங்களும் இருக்கின்றன. பலருக்கு இது தெரிவதில்லை.

‘இதெல்லாம் வேலை செய்யுமா’ என்பது நியாயமான கேள்வி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரை எடுத்துப் பார்த்தது. ஏஏவோடு ஆட்களை முறையாக இணைத்துவிடும் சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட ஒரு படி மேலாக இருந்தன. ‘முறையாக இணைத்துவிடும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதற்கும், போனதா வந்ததா என்று விசாரித்து ஆளோடு ஆளைச் சேர்த்துவிடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. உங்களை இணைத்துவிட ஆள் இல்லை என்றால் அந்த வேலையை நீங்களே செய்துகொள்ள வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

எங்கே தேடுவது, எதில் மாட்டிக்கொள்ளக் கூடாது

தேடுபொறியில் வெறுமனே ‘ஏஏ’ என்று அடித்தால் வாகன ஓட்டிகள் சங்கமும் விமான நிறுவனமும் வந்து நிற்கும். அது சிரிப்போடு போகிற விஷயம். ‘குடி நிறுத்த உதவி’ என்று தேடும்போது மேலே வரும் விளம்பரங்கள் அப்படியல்ல. உதவி எண் போலத் தோற்றம் காட்டும் சில எண்கள், கட்டண மறுவாழ்வு மையங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் அழைப்பு நிலையங்கள். அடையாளம் எளிது: பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்திலேயே காப்பீடு இருக்கிறதா, எவ்வளவு கட்ட முடியும், எப்போது அட்மிட் ஆகிறீர்கள் என்று கேட்பார்கள். ஏஏ அலுவலகம் எதுவும் காப்பீட்டைப் பற்றிக் கேட்காது. கேட்டால் வைத்துவிடுங்கள்.

நம்பகமான வழிகள் மூன்று. முதலாவது, அந்தக் குழுவின் அதிகாரபூர்வ இணையதளம். இரண்டாவது, ஏஏ வெளியிடும் ‘மீட்டிங் கைடு’ என்ற இலவசச் செயலி. உங்கள் இருப்பிடத்தைப் பார்த்து அருகில் உள்ள கூட்டங்களை நேரவாரியாகக் காட்டும். ஆனால் அந்த வட்டாரத்து அலுவலகம் தன் பட்டியலை அதில் இணைத்திருந்தால்தான் காட்டும். செயலியில் ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே உங்கள் ஊரில் கூட்டம் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். மூன்றாவது, இன்டர்குரூப் என்று அழைக்கப்படும் வட்டார ஏஏ அலுவலகத்தின் தொலைபேசி. மூன்றிலும் சிறந்தது இதுதான். பட்டியல் பழசாகும்; மறுமுனையில் பேசுகிறவர் நேற்று அந்தக் கூட்டத்துக்குப் போய் வந்தவராகக்கூட இருப்பார்.

பட்டியலின் ஒரு வரியைப் படிப்பது

பட்டியலில் ஒரு வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

*செவ்வாய், மாலை 7:00, மூடியது, படிகள், பின்வாசல், முதல் மாடி.*

‘மூடியது’ என்பதைப் பார்த்ததும் கூட்டம் ரத்தாகிவிட்டது என்று நினைத்துத் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. மூடிய கூட்டம் என்றால் குடிப்பழக்கத்திலிருந்து விடுபட நினைப்பவர்களுக்கு மட்டும் என்று பொருள். அதாவது உங்களுக்கானது. திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், நண்பர், மாணவர் என்று யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் திறந்த கூட்டமாகத் தேர்ந்தெடுங்கள். வாசலில் வைத்து உங்கள் துணையைத் திருப்பி அனுப்பினால் நீங்களும் கூடவே திரும்பிவிடுவீர்கள்.

‘படிகள்’ என்றால் அன்றைக்கு 12 படிகளில் ஒன்றை எடுத்துப் பேசுவார்கள். போன வாரம் மூன்றாவது, இந்த வாரம் நான்காவது என்று தொடர்ச்சியாகப் போவதால், முதல் நாளே இதில் போய் உட்கார்ந்தால் பாதிப் பாடத்தில் வகுப்புக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ‘பெரிய புத்தகம்’ என்று போட்டிருந்தால் ஏஏவின் 1939ஆம் ஆண்டு அடிப்படை நூலை வரிசையாக வாசிக்கிற கூட்டம். அதற்கும் இதே குறைதான். ‘பேச்சாளர்’ கூட்டத்தில் ஒருவரோ இருவரோ தங்கள் கதையைச் சொல்வார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். வாயைத் திறக்கவே பயமாக இருப்பவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ‘புதியவர்’ என்று குறித்த கூட்டம் கிடைத்தால் யோசிக்காமல் அதற்குப் போங்கள். பெண்கள் மட்டும், இளைஞர்கள், தன்பாலின ஈர்ப்பாளர்கள், குறிப்பிட்ட மொழியில் நடப்பது, சக்கர நாற்காலி போக வசதி உள்ளது ஆகியவற்றுக்கும் குறிகள் இருக்கும். இவை பெரும்பாலும் ஒற்றை எழுத்தாக இருப்பதால் பக்கத்தின் அடியில் இருக்கும் விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘பின்வாசல், முதல் மாடி’ என்கிற பகுதியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். முதல் கூட்டத்துக்குக் கிளம்பியவர்களில் பலரின் பயணம், பூட்டிய முன்கதவுக்கு எதிரில்தான் முடிகிறது. கூட்டங்கள் வாடகை அறைகளில் நடக்கின்றன: வழிபாட்டிடத்தின் பின்கட்டு, பள்ளி வகுப்பறை, சமூகக்கூடம், மருத்துவமனையின் ஒரு மூலை. அந்தக் கட்டடத்துக்கு விடுமுறை என்றால் கூட்டமும் இருக்காது அல்லது இடம் மாறியிருக்கும்.

அலுவலகத்துக்குப் போன் செய்வது

இரண்டு நிமிடப் பேச்சுதான். என்ன பேசுவது என்று தெரியாமல் போனையே எடுக்காதவர்களுக்காக:

“வணக்கம். நான் இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை ஏழு மணிக் கூட்டம் இப்போதும் நடக்கிறதா? எந்த வாசல் வழியாக வர வேண்டும்? புதிதாக வருபவருக்கு அது சரிப்படுமா? எந்த மொழியில் பேசுவார்கள்? அன்றைக்கு வாசலில் யாராவது என்னைப் பார்த்துக் கூட்டிப்போக முடியுமா?”

கடைசிக் கேள்விதான் முக்கியம். கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். புதியவரை அழைத்துப்போவது ஏஏவில் பழைய வழக்கம். அதைச் செய்பவர் உங்களுக்குத் தயவு காட்டுவதாக நினைப்பதில்லை. தான் குடிக்காமல் இருக்க அதுவும் ஒரு வழி என்றுதான் செய்கிறார். உங்கள் முழுப்பெயரோ முகவரியோ வேலையோ சொல்ல வேண்டியதில்லை.

போனை எடுப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். குரல்பதிவுக்குப் போனால் பெயரின் முதல் பகுதி, எண், எந்த நேரத்தில் கூப்பிட்டால் நீங்களே எடுப்பீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். நேரத்தைச் சொல்ல மறந்தால் திரும்ப அழைக்கும்போது வீட்டில் வேறு யாராவது எடுக்கலாம். அழைப்பு தெரியாத எண்ணிலிருந்துதான் வரும். ஒருநாள் காத்தும் வரவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாமல் மறுபடி கூப்பிடுங்கள்.

ஒன்று போதாது, மூன்றைக் குறியுங்கள்

ஒவ்வொரு ஏஏ குழுவும் தன்னிச்சையாக இயங்குவது. மேலிருந்து மேற்பார்வை செய்ய யாரும் கிடையாது. ஒன்றில் நாற்பது பேர் இருப்பார்கள், இன்னொன்றில் நான்கே பேர். ஒன்றில் பிரார்த்தனை தூக்கலாக இருக்கும், இன்னொன்றில் சிரிப்பும் கிண்டலும். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்பதற்கு அர்த்தம் அந்தக் கூட்டம் பிடிக்கவில்லை என்பது மட்டுமே. ஆனால் ஒன்றை மட்டும் குறித்து வைத்திருப்பவருக்கு அதுவே ‘ஏஏ நமக்குச் சரிப்படாது’ என்ற தீர்ப்பாகிவிடும். வேறு வேறு கிழமைகளில், வேறு வேறு வகையில் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று ஆன்லைனாக இருக்கட்டும். 90 நாளில் 90 கூட்டம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது வழக்கமாகச் சொல்லும் யோசனை, விதி அல்ல. ஆரம்பத்தில் அடிக்கடி போவது நல்லது என்பதில் சந்தேகமில்லை.

ஆன்லைன் கூட்டம்: பெயரும் நேரமும்

ஏஏவின் ஆன்லைன் இன்டர்குரூப் பட்டியலில் நாள் முழுக்க, ஏதாவது ஒரு நாட்டில் ஒரு கூட்டம் நடந்துகொண்டே இருக்கும். இரவு மூன்று மணிக்குக் கை பரபரக்கும்போது இது பெரிய உபகாரம்.

தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று நேரம். பட்டியலில் இருப்பது எந்த நாட்டின் நேரம் என்று பாருங்கள். ‘என் நேரத்தில் காட்டு’ என்ற வசதி இருந்தால் அதை அழுத்துங்கள். சில நாடுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள், அந்த வாரங்களில் வழக்கமான கூட்டமும் நழுவிவிடும். நள்ளிரவை ஒட்டிய கூட்டமென்றால் கிழமையே மாறிப்போகும்.

இரண்டாவது, பெயர். ஜூம் உங்கள் கணக்கில் இருக்கும் முழுப்பெயரையும் படத்தையும் அப்படியே காட்டும். உள்ளே போவதற்கு முன்பே பெயரின் முதல் பகுதியை மட்டும் வைத்துவிட்டுப் படத்தை எடுத்துவிடுங்கள். அலுவலகக் கணினியையோ அலுவலகக் கணக்கையோ தொடாதீர்கள். நாட்காட்டியில் கூட்டத்தின் பெயர் பதிவாகிவிடும். காதில் இயர்போன், மைக் அணைத்து, கேமராவும் அணைத்து. கேமரா இல்லாமல் உட்கார்ந்தால் பல கூட்டங்களில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சிலவற்றில் அழையா விருந்தாளிகள் புகுந்து கலாட்டா செய்ததுண்டு என்பதால் முகத்தை ஒரு நிமிடம் காட்டச் சொல்வார்கள். கடவுச்சொல் பட்டியலிலேயே இருக்கும். இல்லையென்றால் அங்கே கொடுத்திருக்கும் மின்னஞ்சலுக்கு எழுதிக் கேளுங்கள்.

அன்றைக்கு

பதினைந்து நிமிடம் முன்னாலேயே போங்கள். நேரத்துக்குச் சரியாகப் போனால் கதவு சாத்தியிருக்கும், உள்ளே ஒருவர் பேசிக்கொண்டிருப்பார், திறக்கக் கை வராது. கட்டடத்துக் காவலாளிக்கு ஏஏ என்றால் தெரியாமல் இருக்கலாம். குழுவின் பெயரையோ ‘ஏழு மணிக் கூட்டம்’ என்றோ கேட்டால் வழி காட்டிவிடுவார். ஒரே கட்டடத்தில் போதைப்பொருள் குழுவும் குடும்பத்தார் குழுவும் அதே நேரத்தில் நடக்கலாம். தவறான அறையில் உட்கார்ந்துவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை, பக்கத்து அறைக்குக் கூட்டிப்போவார்கள்.

கூட்டம் பெரும்பாலும் ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை. நடத்துபவர் ஏஏ என்றால் என்ன என்ற சிறு அறிமுகத்தை வாசிப்பார். பிறகு புதிதாக வந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்பார். கை தூக்கலாம், தூக்காமலும் இருக்கலாம். தூக்கினால் கூட்டம் முடிந்தபின் நாலு பேர் வந்து பேசுவார்கள் என்பதுதான் லாபம். எல்லாரும் ‘நான் இன்னார், குடிநோயாளி’ என்று ஆரம்பிப்பதைப் பார்த்து நீங்களும் அப்படியே சொல்ல வேண்டும் என்று இல்லை. “என் பெயர் இது, இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்” என்றால் போதும். நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள்.

ஒருவர் பேசுவதற்கு மூன்று முதல் ஐந்து நிமிடம். யாரும் குறுக்கே பேசக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது. மனம் உடைந்து அழுகிற ஒருவருக்குச் சுற்றியிருப்பவர்கள் பதிலே சொல்லாமல் இருப்பது முதல் முறை பார்ப்பவருக்குக் கல்நெஞ்சம் மாதிரி தோன்றும். அது கூட்டத்தின் கட்டுப்பாடு. முடிந்தபின் அவரைத் தேடிப்போய்ப் பேசுவார்கள். இடையில் ஒரு பை அல்லது கூடை சுற்றி வரும், அறை வாடகைக்கு. புதியவர் போட வேண்டியதில்லை, வெறுமனே அடுத்தவர் கையில் கொடுங்கள். சில இடங்களில் 24 மணி நேரம், 30 நாள், ஓராண்டு என்று குடிக்காத நாட்களுக்குக் காசு போன்ற சின்ன வில்லை கொடுப்பார்கள். கடைசியில் எழுந்து நின்று ஒரு பிரார்த்தனை. விருப்பமில்லையென்றால் சும்மா நின்றால் போதும்.

முடிந்தவுடன் ஓடிவிடாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் போன் எண்கள் கை மாறும். இரண்டு மூன்று பேரிடம் வாங்குங்கள். ஆண்கள் ஆண்களிடமும் பெண்கள் பெண்களிடமும் வாங்குவது வழக்கம், அதற்கான காரணம் கீழே வரும். மறுநாள், ஆசை ஒன்றும் இல்லாத சாதாரண நேரத்தில் ஒருவருக்குப் போன் செய்து “நேற்று வந்தேனே, நான்தான்” என்று சொல்லிவையுங்கள். ஒருமுறை பேசிய எண்ணுக்குத்தான் நெருக்கடியில் விரல் போகும். படிகளில் கூடவே வழிகாட்டும் ஸ்பான்சரை முதல் நாளே தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. சில கூட்டங்கள் கழித்து, யார் பேச்சு உங்களுக்குள் இறங்குகிறதோ அவரிடம் கேளுங்கள்.

எதைக் கேட்டால் எழுந்து வரலாம்

மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்து என்று யாராவது சொன்னால் அது அவருடைய சொந்தக் கருத்து. குடியை விட உதவும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் ஆகட்டும், மன அழுத்த மருந்து ஆகட்டும், எதுவானாலும் சரி. உறுப்பினர் எவரும் மருத்துவராக வேஷம் போடக் கூடாது என்று ஏஏ தன் வெளியீட்டிலேயே சொல்கிறது. கடன் கேட்பவர், எதையாவது விற்பவர், புதிதாக வந்த உடனேயே காதல் பேச்சு பேசுபவர் ஆகியோரிடமிருந்து விலகுங்கள். கடைசியாகச் சொன்னதற்கு உறுப்பினர்களிடையே ‘13ஆவது படி’ என்று ஒரு கசப்பான கேலிப்பெயரே உண்டு.

பெயர் வெளியிடாமை ஏஏவின் ஆணிவேரான மரபு. ஆனால் அது மரபுதான், சட்டப் பாதுகாப்பு அல்ல. நடந்துகொண்டிருக்கும் வழக்கு, போலீஸ் விவகாரம் போன்றவற்றைப் பொதுக் கூட்டத்தில் கொட்டாதீர்கள். வழக்கறிஞரிடம் பேச வேண்டியதை அவரிடமே பேசுங்கள். நீதிமன்றமோ வேலையிடமோ வருகைச் சான்று கேட்டிருந்தால் கூட்டம் தொடங்குமுன்பே நடத்துபவரிடம் தாளைக் காட்டுங்கள். சில குழுக்கள் கையெழுத்திடும், சில இடாது.

வீட்டாருக்கு

குடிப்பவருக்காக நீங்கள் தேடிக்கொண்டிருந்தால், நேரமும் வாசலும் எழுதிய ஒரு துண்டுத்தாளை அவர் தெளிவாக இருக்கும்போது கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தால் உடம்பு மட்டும்தான் உட்காரும். அவர் வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்கென்று அல்-அனான் என்ற குடும்பத்தார் குழு இருக்கிறது, 1951இலிருந்து. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன். அங்கே ஆறு கூட்டங்களாவது போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்வார்கள்.

பக்கத்தில் ஒன்றுமே இல்லையென்றால்

மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேளுங்கள். பட்டியலில் ஏறாத கூட்டங்கள் அங்கே உள்ளேயே நடப்பதுண்டு. ஆன்லைனில் தொடங்குங்கள். வேறொருவர் கிடைத்தால் நீங்களே ஒன்று ஆரம்பிக்கலாம். குடியிலிருந்து மீள்வதற்காக இரண்டு மூன்று பேர் கூடினாலே அதை ஏஏ குழு என்று அழைத்துக்கொள்ள மரபு இடம் தருகிறது. நிலையான ஒரு கிழமை, ஒரு நேரம், ஓர் அறை முடிவு செய்துவிட்டு வட்டார அலுவலகத்துக்குச் சொன்னால் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். யாரும் வராத வாரத்திலும் அந்த ஒரு மணி நேரம் அறையைத் திறந்து வைத்திருங்கள். தேடி வருபவர் எந்த வாரம் வருவார் என்று தெரியாது.

சில வாரம் போய்விட்டு மறுபடி குடித்துவிட்டால், போய்க்கொண்டிருந்த அதே கூட்டத்துக்கே போங்கள். வேறு கூட்டம் தேடத் தோன்றும், முகம் காட்டக் கூசும். உங்கள் எண் வைத்திருப்பவரை முந்தைய நாளே கூப்பிட்டு “குடித்துவிட்டேன், நாளைக்கு வருகிறேன்” என்று சொன்னால் வாசலில் விளக்கம் சொல்லும் வேலை மிச்சம். வில்லைக் கணக்கு மட்டும் முதல் நாளிலிருந்து தொடங்கும். இடையில் பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால், நிறுத்துமுன் மருத்துவரைப் பார்ப்பது இந்த முறையும் முதல் வேலை.